நான் ஒட்டாத சம்மன்

எழுபதுகளின் தொடக்கம். ஐப்பசி அடைமழை. நான் அப்போது ஒரு முன்சீப் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் பிராசஸ் சர்வராக இருந்தேன். எந்த ஊர்க் கோர்ட் என்பது வேண்டாம். மீஞ்சூருக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியைச் சுற்றியிருந்த கிராமங்கள் என் பொறுப்பில் இருந்தன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கிராமத்து ஜனங்கள் எங்களை அமீனா என்பார்கள். உண்மையில் அமீனா எங்களுக்கு மேலே, ஜப்திக்குப் போகிறவர். நான் வெறும் காகிதம் கொடுக்கிறவன்.

எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். கோர்ட் உத்தியோகத்துக்கு வந்து மீஞ்சூரில் வாடகைக்குக் குடியேறிய பிறகும், காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொள்ளாமல் நான் வாசல் தாண்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நெற்றியைப் பார்த்துத்தான் ஜனங்கள் என்னை நம்பினார்கள். நீதிபதியும் நம்பினார்.

ஒருவர் மேல் கடன் வழக்குப் போட்டால், கோர்ட் அவருக்குச் சம்மன் அனுப்பும். அதை அவர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லை, எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால், அவர் குடியிருக்கும் வீட்டு வெளிக்கதவில் ஒரு நகலை ஒட்டிவிட்டு, எந்த நாளில், எந்த நிலையில் ஒட்டினோம், வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்றெல்லாம் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அப்புறம் எங்கள் ஆபீஸ் மேலதிகாரியான நாஜர் முன்னால் அது உண்மை என்று சத்தியம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நடக்கக் கால் இருந்தால் போதும்.

அன்று என் பையில் ஐந்து சம்மன்கள். நான்கைக் கொடுத்து முடித்துவிட்டு, ஐந்தாவதற்காகப் புதுவாயலில் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். அந்தச் சம்மனுக்குரிய ஊர் அங்கே கல்கத்தா ரோட்டிலிருந்து மேற்கே ஐந்து மைல் உள்ளே இருந்தது. பஸ் கிடையாது. நடுவில் ஓர் ஓடை. வேட்டி முழங்கால் வரை சேறு. செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது.

வழக்குப் போட்டவரின் ஆள் ஒருவர் அந்தக் கடையில் எனக்காகக் காத்திருந்தார். வீட்டை அடையாளம் காட்ட வாதியின் ஆள் வருவது வழக்கம்தான். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார்.

"ஒக்காரு சாமி, மொதல்ல நாஷ்டா பண்ணு. ஓடையில தண்ணி போய்க்கினு கீது. போனா வர முடியாது" என்றார்.

இட்லி வந்தது. சூடாக இருந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அவன் ஊட்லயும் இல்ல. நெல்லூரு பக்கம் கூலிக்குப் பூட்டான். ஊடு பூட்டிக் கெடக்குது. நீ போய் இன்னா பண்ணப் போற? ஒட்டிட்டேன்னுதான் எழுதப் போற. காயிதத்த எங்கிட்ட குடு. தண்ணி வடிஞ்சதும் நானே ஒட்டிடறேன்."

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு எழுதினேன். பிரதிவாதி வீட்டில் இல்லை, வீடு பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தில் விசாரித்தும் எப்போது வருவார் எனத் தெரியவில்லை, ஆகவே வெளிக்கதவில் நகலை ஒட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரை அந்த ஆள் கூப்பிட, அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சம்மன் நகல் கைமாறியது. பஸ்ஸுக்கு என்று அந்த ஆள் என் சட்டைப் பையில் எதையோ திணித்தார். நான் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. மழை விடுவதற்குள் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் நாஜர் முன்னால் சத்தியமும் செய்தேன்.

பிறகு அதை மறந்தே போனேன்.

வைகாசியில் அமீனா அந்த ஊருக்குப் போய் ஒரு கழனியை ஜப்தி செய்து தண்டோரா போட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு மனிதர் கோர்ட் வராந்தாவில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. யாரைப் பார்த்தாலும், "என் மேல கேஸாமே, எனக்கு ஒண்ணுமே தெரியாதே சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வராததால் தீர்ப்பு ஒருதலையாகவே ஆகியிருந்தது என்பதை எங்கள் குமாஸ்தா அவருக்குச் சொல்லிப் புரிய வைத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. குமாஸ்தா வழக்குக் கட்டைப் பிரித்து, "சம்மன் ஒட்டியிருக்குதே, இதோ இவர்தான் ஒட்டினார்" என்று என் பக்கம் கை காட்டியபோதுதான் புதுவாயல் டீக்கடை நினைவுக்கு வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். கும்பிட்டார்.

அவருக்காக ஒரு வக்கீல், பீஸ் அதிகம் கேட்காமல், தீர்ப்பை ரத்து செய்யும்படி மனுப் போட்டார். சம்மன் முறையாகக் கொடுக்கப்படவில்லை, வழக்கு நடப்பதே தெரியாது, தெரிந்த உடனே வந்திருக்கிறார் என்பதுதான் மனு. கடன் வாங்கியது உண்மைதான் என்றும், இரண்டு போகம் நெல்லாகவே அடைத்துவிட்டார், ஆனால் கடன் எழுதிக்கொடுத்த நோட்டின் பின்னால் யாரும் வரவு எழுதவில்லை என்றும் சொன்னார்கள். அதை நிரூபிக்க நெல் ஏற்றிப்போன வண்டிக்காரர் சாட்சி இருந்தார். மனு ஜெயித்தால் வழக்கு புதிதாக நடக்கும், வண்டிக்காரர் பேசுவார். மனு தோற்றால் அவர் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

எல்லாம் என் ஒரு வார்த்தையில் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் நாஜரிடம் தனியாகப் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். நான் முழுதாகச் சொல்வதற்குள்ளேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்கிட்ட எதையும் சொல்லாதப்பா. சொன்னா நான் எழுதியாகணும். எழுதினா உன் வேலை போவும், பொய்ச் சத்தியம் பண்ணதுக்குக் கேஸும் வரும். உனக்கு ரெண்டு பொண்ணு. போ."

ஆடி மாதம் விசாரணை வந்தது. கழனிக்காரர் கூண்டில் ஏறினார். நான் வராந்தாவில், ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தேன். சாட்சி சொல்லப் போகிறவன் அங்கே நிற்கக் கூடாது. ஆனால் கோர்ட் ஆளை யார் விரட்டப் போகிறார்கள்?

"கதவுல ஒட்டினதா சொல்றாங்களே?" என்று அவருடைய வக்கீல் கேட்டார்.

"எங்க ஊட்டுக்குக் கதவே இல்லீங்க. படல்தான். ஓலப் படல். அத்தப் பூட்டவும் முடியாது" என்றார் அவர்.

கோர்ட்டில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதிகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கே அது தெரிந்தது.

அடுத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வந்து, ஆமாம், நானும் கூடப் போனேன் என்று ஒப்பித்துவிட்டு இறங்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கடவுள் சாட்சியாக என்று சொன்னேன். திருமண் நெற்றியில் காய்ந்து இறுகியிருந்ததை உணர முடிந்தது.

"நீங்க ஒட்டின கதவு ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா?" என்று வக்கீல் கேட்டார். நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். நான் வராந்தாவில் நின்றது அவருக்குத் தெரியாது.

"மரக்கதவு இல்லைங்க. ஓலைப் படல். பழக்கத்தில் கதவு என்று எழுதிவிட்டேன்" என்றேன்.

"பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்கீங்களே?"

"கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதைத்தான் பூட்டியிருந்தது என்று எழுதினேன்."

அவர் கூண்டில் நின்று சொன்ன உண்மையையே எடுத்து என் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றும் எனக்குப் புரியாதது. படியில் உட்கார்ந்திருந்த அவர் தலையை நிமிர்த்தி, 'ஆமாம், படலைப் பார்த்திருக்கிறாரே' என்பதுபோல என்னைப் பார்த்தார்.

மனு தள்ளுபடியானது. கோர்ட் ஊழியருக்கு இந்தப் பிரதிவாதியிடம் எந்த விரோதமும் இல்லை, அவர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்று நீதிபதி எழுதினார். அந்த வரியை நான் தனியாக ஒரு நாள் வழக்குக் கட்டிலிருந்து எடுத்துப் படித்தேன். நியாயமான வரிதான். என்னிடம் காரணம் என்று ஒன்று எங்கே இருந்தது? மழை, சேறு, இட்லி.

தீர்ப்பு வந்த அன்று மதியம், கோர்ட் வாசல் புளிய மரத்தடியில் அவர் என்னை நிறுத்தினார். கோபமாகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் நல்லது என்றுகூட இருந்தது. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோர்ட்ல சொன்னது கெடக்கட்டும். நீங்க நெசமா வந்தீங்களா?"

அப்போது யாரும் பக்கத்தில் இல்லை. எழுதிக்கொள்ள ஆள் இல்லை. சத்தியம் வாங்க ஆள் இல்லை. ஒரு தலையாட்டலில் அவருக்கு உண்மையைத் தந்திருக்கலாம்.

"வந்தேன்" என்றேன்.

அவர் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்பொ என் பொஞ்சாதிதான் கிழிச்சிப் போட்டுக்கீறா. நான் பாக்கக் கூடாது, பேஜாராயிடும்னு கிழிச்சிருப்பா. கேட்டா இல்லேன்றா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று அவருடைய வக்கீல் சொன்னதாகக் கேள்வி. அதற்கு அவரிடம் வழியில்லை. ஏலம் நடந்தது. வழக்குப் போட்டவரே ஏலத்தில் எடுத்தார். கல்கத்தா ரோடு ஓரமாகத் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று அப்போதே பேச்சு. அந்த ஐந்து மைல் உள்ளேகூட மண்ணுக்கு ஆள் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். வழக்குப் போட்டவருக்கு அந்தக் கடன் பெரிதல்ல, கழனிதான் வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வருஷம் பங்குனியில் கழனியைச் சுவாதீனம் கொடுக்க அமீனா போனார். உதவிக்கு என்னையும் வரச் சொன்னார். உடம்பு சரியில்லை என்றேன். கேட்கவில்லை. அந்த ஐந்து மைலை அன்றுதான் முதன்முதலாக நடந்தேன். ஓடை காய்ந்து கிடந்தது. ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கழனியில் முளை அடித்து, ஆட்களைக் கூட்டி அறிவித்துவிட்டு, கழனியை இழந்தவர் வீட்டு வழியாகத் திரும்பினோம். ஓலைக் கூரை, மண்சுவர், வாசலில் படல். அவர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வெளியே வந்தாள். ஒல்லியான பெண். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அமீனாவை அவள் பார்க்கவே இல்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, அன்னிக்கி நீங்க எங்க ஒட்டுனீங்க? அந்த எடத்தக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க. இவரு என்னதான் கிழிச்சேன்றாரு. எட்டு மாசமா எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல."

வழக்குப் போட்டவரின் ஆள், அதே ஆள், பக்கத்தில்தான் நின்றிருந்தார். அமீனா, "அதெல்லாம் கோர்ட்ல முடிஞ்சி போச்சிம்மா, வழி விடு" என்றார். அவள் நகரவில்லை. அவர் குந்தியபடியே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிடிவாதம் முழுவதும் என் கையில் வந்து தொங்கியது.

நான் இரண்டடி எடுத்து வைத்து, படலின் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "செரி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் அது பொய். தூங்கினேன், சாப்பிட்டேன். பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். திருமண் இடும்போது மட்டும் கண்ணாடியில் நெற்றியைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் பழகிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, புதுவாயலுக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் கொண்டுபோனேன். கேட்டில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து கும்பிட்டார். அவர்தான். முடி நரைத்திருந்தது.

"வாங்க சாமி, நல்லா கீறீங்களா" என்றார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன்.

"அவ ஆரம்பாக்கத்துல அவங்க நைனா ஊட்ல கீறா. கொயந்தையும் அங்கதான். நீங்க எல்லாம் வந்துட்டுப் போன மறுமாசமே பூட்டா. நானும் கூப்புடல. ஒரு காயிதத்தக் கிழிச்சிட்டு, கிழிக்கலேன்னு சாதிக்கறவகூட எப்டி சாமி இருக்கறது? கழனி போனாக்கூட போவட்டும்."

நான் முக்காலியிலிருந்து எழுந்து நின்றேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். மழையையும், டீக்கடையையும், காகிதத்தை அந்த ஆள் கையில் கொடுத்ததையும், வராந்தாவில் நின்று கேட்டதையும் சொன்னேன். மூன்று வருஷம் சொல்ல முடியாதது மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். பிறகு, "ஆரம்பாக்கம் வர்றீங்களா? அவகிட்ட நீங்களே சொல்லணும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் ரயிலேறி இருவரும் போனோம். எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு பொட்டலம் பூந்தி வாங்கி மடியில் வைத்திருந்தார், குழந்தைக்கு.

அவள் மாமரத்து நிழலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் முறத்தைக் கீழே வைக்கவில்லை. நான் முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் முறத்தை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சாமி. நீங்க கைய நீட்டும்போதே தெரியும். தெரியாதவரு இவருதான்."

அவர் அவளிடம், "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"நான் நூறு தபா சொன்னேன், கிழிக்கலேன்னு. நம்பல. இப்ப இவரு வந்து சொன்னாரு, நம்பிட்ட. நாளைக்கி வேற ஒருத்தரு வந்து வேற மாதிரி சொல்லுவாரு. அப்பவும் நம்புவ. எனக்கு வாணாம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்ந்தவள்போலச் சொன்னாள். பூந்திப் பொட்டலத்தை வாங்கிக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான். அவள் திரும்பி வரவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நான் சொன்னேன்: "நான் எழுதிக் கொடுக்கிறேன். சம்மன் ஒட்டவில்லை, கோர்ட்டில் பொய் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உங்கள் வக்கீலிடம் கொண்டுபோங்கள். மோசடி என்று புதிதாக வழக்குப் போட வழியுண்டு."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாணாம் சாமி. கழனில கம்பெனிக்காரன் செவுரு வெச்சிட்டான். உங்க வேலையும் பூடும். நீங்களும் புள்ளகுட்டிக்காரரு. யாருக்கு இன்னா ஆவப் போவுது."

வற்புறுத்தியிருக்கலாம். அவர் கேட்காமலே எழுதி, நானே வக்கீலிடம் கொண்டுபோயிருக்கலாம். வக்கீல் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரில்தான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். ஓய்வு பெறும்வரை தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு ஒரு சம்மனையும் நான் கைமாற்றியதில்லை, எத்தனை மைலானாலும் நடந்தே போனேன் என்பது உண்மைதான். ஆனால் அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வந்துவிடவில்லை.

அந்தக் குடும்பத்தை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதுகூட எனக்கு இப்போது பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. அந்த ரயில்வே மேடையில் அவர் "வாணாம் சாமி" என்று சொன்ன உடனே என் நெஞ்சுக்குள் சட்டென்று ஒரு நிம்மதி பரவியது. எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிதர் என்னையும் என் பெண்களையும் நினைத்துச் சொன்ன அந்த வார்த்தையில் நான் நிம்மதி அடைந்தேன் என்பதுதான், இத்தனை வருஷமாக என்னை எனக்கு அடையாளம் காட்டிக்கொண்டிருக்கிறது.